வாய்க்கால் வரைபட வேலைக்கு ஒரு மூன்று திரை மேசை: இதுவரை செய்து பார்த்தவை

கும்பகோணத்துக்குத் தெற்கே அரசலாற்றிலிருந்து பிரியும் சில வாய்க்கால்கள் முன்பு எவ்வழியே ஓடின, இன்று எவ்வழியே ஓடுகின்றன, எங்கே தூர்ந்து மனைகளாயின என்பதை ஒப்பிட்டு, ஒரு வரைபடமும் அதற்கான விளக்கக் கட்டுரையும் உருவாக்கும் வேலையை ஓய்வு நேரங்களில் செய்து வருகிறேன். ஒரு மதகைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கே செயற்கைக்கோள் படம், கிராம வரைபடம், புல வரைபடம், ஒவ்வொரு நிலத்துண்டின் புல எண்ணும் விவரமும் கொண்ட அ-பதிவேடு, பயிர் விவரம் எழுதப்படும் அடங்கல் எனப் பலவற்றையும் புரட்ட நேர்கிறது. மடிக்கணினியின் ஒற்றைத் திரையில் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைகிறது. புல எண்ணை மனத்தில் ஏந்திக்கொண்டு அடுத்த ஆவணத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் உட்பிரிவு எண் நழுவிவிடுகிறது. மனம் ஒரே சமயத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு செய்திகளே என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001-இல் ஆய்ந்து எழுதினார். அந்த நான்கில் இரண்டை எண்களை நினைவில் வைப்பதற்கே கொடுத்துவிட்டால் சிந்திப்பதற்கு மிச்சம் குறைவு. எனவே இந்த வேலைக்கென்றே மூன்று திரைகள் கொண்ட ஒரு மேசையை அமைக்கத் தொடங்கினேன். அதில் இதுவரை செய்து பார்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த விருப்பம் கணினிகளுக்கு முற்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1945-இல் வானெவர் புஷ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கற்பனை செய்த ‘மெமெக்ஸ்’ ஓர் எழுதுமேசைதான். அதன் மேற்பரப்பில் சாய்வான திரைகள் இருக்கும். நுண்படச் சுருளில் உள்ள இரண்டு ஆவணங்களை அருகருகே காட்டி, ஒன்றை மற்றொன்றோடு இணைத்து வைக்கலாம். அவர் எண்ணியது வேலைகளைப் பெருக்குவதை அன்று, இரண்டு ஆவணங்களுக்கு இடையிலான தொடர்பைக் காண்பதை. என் மேசைக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

மேசையைப் பொறுத்தவரை, கடைகளில் கிடைக்கும் கணினி மேசைகள் பெரும்பாலும் முன்பின் அகலம் இரண்டடிதான் இருக்கின்றன. திரையின் பாதம் அதில் பாதியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கும் திரைக்கும் இடையே கை நீட்டும் தூரம் அமைவதில்லை. எங்கள் தெருவில் உள்ள ஆசாரியிடம் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில், முக்கால் அங்குல ஒட்டுப்பலகையைத் தேக்குச் சட்டத்தின் மேல் பொருத்தித் தரச் சொன்னேன். திரைகளைப் பாதங்களில் நிறுத்தாமல், மேசையின் பின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் உலோகக் கைகளில் மாட்டுவது திட்டம். திரையின் முதுகில் நான்கு திருகுத் துளைகள் 75 அல்லது 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் இத்தகைய கைகள் பொருந்தும். வாங்கும்போதே திரையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் விலை குறைந்த சில திரைகளில் அந்தத் துளைகள் இருப்பதில்லை. “தம்பி, பலகை தாங்கும், கவ்வுற வாயிலதான் நசுங்கும். அடியில ஒரு இரும்புப் பட்டை போட்டுடுவோம்” என்று ஆசாரி சொன்னது மிகச் சரியான ஆலோசனை. மூன்று திரைகளின் எடையும் இப்போது அந்தப் பட்டையில்தான் இறங்குகிறது.

நடுத்திரை 27 அங்குலம்; அதன் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 109 படப்புள்ளிகள். பக்கத்திரைகள் இரண்டும் 24 அங்குலம், அங்குலத்துக்கு 92 படப்புள்ளிகள் அளவில் உள்ளவை. தமிழில் நெடுநேரம் படிப்பவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிதன்று. ணூ, ழி, ஞு போன்ற சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துகள் 92 புள்ளித் திரையில் சிறிய அளவில் ஒன்றோடொன்று ஒட்டிக் கலங்குகின்றன. 109 புள்ளித் திரையில் அதே அளவில் தெளிவாக நிற்கின்றன. எனவே எழுத்தை நடுத்திரைக்கும், படங்களைப் பக்கத்திரைகளுக்கும் ஒதுக்குவது கண்ணுக்கும் உகந்தது. இந்த முடிவுக்கு வருமுன் வேறு அமைப்புகளையும் சோதித்தேன்.

முதல் அமைப்பில் வரைபடம் பெரியது என்பதால் அதை நடுவில் வைத்தேன். இடப்பக்கம் பதிவேடுகள், வலப்பக்கம் எழுதும் கோப்பு. வரைபட வேலைக்கு நான் பயன்படுத்தும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் ஒரே திட்டத்துக்கு இரண்டாவது வரைபடச் சாளரம் ஒன்றைத் திறந்து, இரண்டின் மையமும் அளவும் சேர்ந்தே நகரும்படி பிணைக்க முடியும். ஒன்றில் பழைய கிராம வரைபடம், மற்றொன்றில் இன்றைய செயற்கைக்கோள் படம். ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். பழைய வரைபடத்தை இன்றைய ஆயங்களோடு பொருத்துவதற்குக் கோயில் குளத்தின் மூலைகள், மதகுகள், பழைய பாலங்கள் போன்ற இடம் மாறாத புள்ளிகளைத் தேட வேண்டும். அந்தத் தேடலுக்கு இந்த அமைப்பைவிடச் சிறந்தது எனக்குத் தெரியவில்லை. ஆனால் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது அதே அமைப்பு எதிராக வேலை செய்தது. எழுதும் கோப்பு வலப்பக்கம் இருந்ததால் கழுத்து ஒரு புறமாகவே திரும்பியிருந்தது. ஒரு வாக்கியம் தடைப்பட்டவுடன் கண் நடுவில் உள்ள வரைபடத்துக்குத் தாவியது. வரைபடம் எப்போதும் ஏதாவது ஒரு புதிய கிளை வாய்க்காலைக் காட்டும். அதைப் பின்தொடர்ந்து போனால் வரைபடத்தில் குறிகள் பெருகும், கட்டுரையில் அந்த வாக்கியம் அப்படியே நிற்கும்.

இரண்டு ஒரே அளவுத் திரைகளை நடுவில் விளிம்போடு விளிம்பு சேர்த்து வைப்பது பலர் பரிந்துரைக்கும் அமைப்பு. அதில் நேர் எதிரே இருப்பது இரண்டு திரைகளின் கறுப்பு விளிம்பு. நேராகப் பார்த்து அமர வாய்ப்பே இல்லை. அதைச் சீக்கிரமே கைவிட்டேன்.

தெளிவு கிடைத்தது மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் ஒரு நாளில். இன்வெர்ட்டரின் மின்கலத்தைச் சிக்கனப்படுத்துவதற்காகப் பக்கத்திரைகள் இரண்டையும் அணைத்துவிட்டு, நடுத்திரையில் எழுதும் கோப்பை மட்டும் திறந்து வைத்து, வேண்டிய பகுதியின் வரைபடத்தை முன்பே எடுத்திருந்த காகித அச்சில் பார்த்துக்கொண்டேன். வயல்களுக்கு நீர் கொண்டுசெல்லும் சிறு வாய்க்காலான ஒரு கண்ணிவாய்க்காலின் நீர்ப்பங்கீட்டைப் பற்றி நெடுங்காலமாக முடியாமல் கிடந்த பத்தி அன்று முடிந்தது. அதற்கு மின்தடை காரணமாக இருந்திருக்க முடியாது. என்ன மாறியது என்பதைத்தான் யோசிக்க வேண்டியிருந்தது. மாறியது இதுதான்: கண்ணுக்கு எட்டிய இடத்தில், நான் எழுதிக்கொண்டிருந்ததைத் தவிர வேறு முடிக்கப்படாத வேலை எதுவும் இல்லை.

இதை விளக்கும் ஓர் ஆய்வு உண்டு. ஒரு வேலையை முடிக்காமல் மற்றொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-இல் எழுதினார். அதற்குக் கவன எச்சம் என்ற பொருளில் பெயரும் வைத்தார். பாதி குறிக்கப்பட்ட வரைபடம் பக்கத்தில் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் அந்த எச்சம் ஒவ்வொரு பார்வையிலும் புதுப்பிக்கப்படுகிறது என்பதே என் அனுபவம். கண்ணின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. கூர்மையாகப் படிக்கும் பார்வை ஏறத்தாழ இரண்டு பாகை அகலமே. கை நீட்டும் தூரத்தில் அது திரையில் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். மீதிப் பரப்பை ஓரப்பார்வை காண்கிறது. அது எழுத்தைப் படிக்காது, ஆனால் அசைவைத் தவறவிடாது. பக்கத்திரையில் ஓடும் கடிகாரமோ, எட்டிப் பார்க்கும் அறிவிப்போ, படிக்கப்படாமலேயே சிந்தனையை அறுத்துவிடும்.

மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் எல்லா வாய்க்கால்களின் தலைப்பு மதகுகளையும் ஒரே சமயத்தில் திறந்தால் கடைமடைக்கு நீர் சேராது என்று முறை வைத்து விடுவது நம் பகுதியில் எல்லோரும் அறிந்த வழக்கம். திரைகளையும் நான் இப்போது முறை வைத்துத்தான் திறக்கிறேன். சேகரிக்கும் வேளையில் மூன்றும் எரியும். எழுதும் வேளையில் நடுத்திரை மட்டும். சரிபார்க்கும் வேளையில் நடுத்திரையோடு, சரிபார்க்கும் ஆவணம் இருக்கும் ஒரு பக்கத்திரை. ஒவ்வொரு திரையின் பங்கும் மாறுவதில்லை: இடப்பக்கம் வரைபடம், நடுவில் எழுத்து, வலப்பக்கம் மூல ஆவணம். பங்கு நிலையாக இருப்பதன் பயன் பெரியது. புல எண் வேண்டுமென்றால் எந்தச் சாளரம் என்று தேடாமல் தலை தானாகவே அந்தப் பக்கம் திரும்புகிறது. மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப்புக்கும் இந்த மேசையில் இடம் கொடுக்கவில்லை. கைப்பேசி கூடத்தில் இருக்கும்.

வலப்பக்கத் திரையைச் செங்குத்தாகத் திருப்பி வைத்திருக்கிறேன். 1906-இல் வெளிவந்த தஞ்சாவூர் மாவட்ட கெசட்டியர் போன்ற நூல்களின் படியெடுத்த பக்கங்கள் அதில் முழுப்பக்கமாக நிற்கின்றன. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1973-இல் உருவான ஆல்டோ கணினியின் திரையும், காகிதப் பக்கத்தைப் போல நெட்டுவாக்கில்தான் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. திருப்பிய திரை அரை மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுவதால் அதன் மேல்விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டுகிறது. படிக்கும் பகுதியைக் கீழ் மூன்றில் இரண்டு பங்குக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, திரையின் ஒளிப்புள்ளிகள் கிடையாக அடுக்கப்பட்டிருப்பதாகக் கருதி எழுத்துகளைச் சீராக்கும் ஏற்பாடு, திரையைத் திருப்பியபின் எழுத்தின் ஓரங்களில் நிறச்சாயலைக் காட்டுகிறது. சாம்பல் நிறச் சீராக்கத்துக்கு மாற்றியபின் அது மறைந்தது. அகலமான பத்திகள் கொண்ட அ-பதிவேட்டுக்கும் அடங்கலுக்கும் செங்குத்துத் திரை ஒத்துவரவில்லை. அவற்றை இடப்பக்கத் திரையில் வரைபடத்துக்குக் கீழே பாதி உயரத்தில் திறக்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மேலைநாட்டு அறிவுரைகள் இதில் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. வடக்குச் சாளரத்தில் நேர்வெயில் விழாது, அதுவே வேலைக்கு ஏற்ற சீரான ஒளி என்று அவை சொல்கின்றன. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில். ஏப்ரல் மூன்றாம் வாரம் தொடங்கி ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் உதயமும் மறைவும்கூட வடக்கே ஒதுங்கியே நிகழ்கின்றன. என் மாடியறையின் வடக்குச் சாளரத்தில் ஆனி மாதத்து மாலை வெயில் சாய்ந்து உள்ளே வருகிறது. எனவே மேசையைக் கிழக்குச் சுவரோடு சேர்த்து, சாளரம் இடக்கைப் பக்கம் வரும்படி வைத்து, அந்த மாதங்களுக்கு மட்டும் வெளியே ஒரு மூங்கில் தட்டி கட்டியிருக்கிறேன். ஒளி திரையின் முகத்திலும் விழுவதில்லை, பின்னாலிருந்து கண்ணையும் கூசச் செய்வதில்லை. மின்விசிறிக்கு மேலே இருந்த குழல்விளக்கைச் சுவருக்கு மாற்றியது மற்றொரு நல்ல மாற்றம். விசிறியின் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டித் திரையில் விழச் செய்த நடுக்கம் அதோடு போயிற்று.

ஐப்பசி தொடங்கி வயல்கள் பசுமையாக இருக்கும் காலத்தில் இரவு வேலைக்கு வேறொரு தொல்லை உண்டு. பச்சைத் தத்துப்பூச்சியும் புகையானும் வெளிச்சத்தை நாடி வருபவை. அதனால்தான் விவசாயிகள் விளக்குப்பொறி வைக்கிறார்கள். மூன்று ஒளிரும் திரைகள் இருக்கும் அறையே ஒரு விளக்குப்பொறிதான். சாளரத்துக்குச் சாதாரணக் கொசுவலையைவிட நெருக்கமான கண்ணுள்ள வலையை அடித்தேன். மாடியின் மறுகோடியில் ஒரு விளக்கை எரியவிட்டேன். திரைகளின் ஒளியளவையும் பாதிக்குக் குறைத்தேன். ஒளியைக் குறைத்தது பூச்சிக்காக. ஆனால் கண்ணுக்கு அது தந்த ஆறுதலைப் பார்த்தபின் தை மாதத்திலும் அப்படியே விட்டுவிட்டேன்.

மின்சாரக் கணக்கு எளிது. மூன்று திரைகளும் கணினியும் மின்விசிறியும் சேர்ந்து 250 வாட்டுக்கு மேல் போகின்றன. 150 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் மின்கலத்தில் இருப்பது பெயரளவில் 1800 வாட்-மணி. இழப்புகளைக் கழித்தால் பராமரிப்பு நாள் முழுவதையும் அது தாங்காது. நடுத்திரையும் மடிக்கணினியும் மட்டும் என்றால் மாலை வரை வருகிறது.

காகிதத்துக்கு மேசையின் நடுமுன்பகுதியில் இரண்டடிக்கு ஒன்றரை அடி இடம் விட்டிருக்கிறேன்; விசைப்பலகை அடியில் உள்ள தட்டுக்குள் போய்விடும். ஒரு வாய்க்காலின் நீர் எங்கெங்கே பிரிகிறது என்று முதலில் பென்சிலால் கோடிட்டுப் பார்த்தால்தான் எனக்கு எழுத வருகிறது. திரையில் வரைந்தால் கோடு துல்லியமாக வந்துவிடுகிறது; யோசனை துல்லியமாகும் முன்பே கோடு துல்லியமாகிவிடுவதை நான் விரும்பவில்லை. மூன்று திரைகளை வாங்குவதற்கு முன்னால் இந்த வெற்றிடத்தைத் திட்டமிடுங்கள் என்று, இதுபோல அமைக்க விரும்புபவர்களிடம் அழுத்தமாகச் சொல்வேன்.

இன்னும் இரண்டு வேலைகள் மீதமுள்ளன. பக்கத்திரைகளுக்குத் தனித்தனிச் சொடுக்கிகளை மேசையின் முன்விளிம்பில் பதிக்க வேண்டும். இப்போது ஒவ்வொரு முறையும் திரையின் பின்னால் கைவிட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. அடுத்தது, பழைய கணக்குப்பிள்ளைகளின் பெட்டியில் இருந்ததைப் போன்ற ஒரு சாய்வுப் பலகை. ஏ3 அளவு வரைபட அச்சும் களக் குறிப்பேடும் அதில் அருகருகே அமர வேண்டும். குறுவைக்குத் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் ஓடும்போது நேரில் போய்க் குறித்துவர வேண்டிய மதகுகள் சில உள்ளன. அப்போது எடுத்துச் செல்லும் குறிப்பேட்டின் அளவை முடிவுசெய்த பிறகு பலகையின் நீளத்தை ஆசாரியிடம் சொல்வதாக இருக்கிறேன்.