கோசோங்

என் கணக்குத் தப்பால் மன்னார்குடியில் அம்மா இரண்டு ஜாங்கிரி சாப்பிட்டுவிட்டாள்.

கோலாலம்பூர் வந்து பதினாலு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் எக்செல் போதாது, ஆர் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார்கள். பிரிக்பீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலைப் பக்கம் ஒரு மாடியில் சனிக்கிழமை வகுப்பு. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. ரசம் கொதிக்கிற வாசனை மேலே ஏறினால் சாரே திரையை மறந்துவிடுவார்.

நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய மொழி இது. இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஆர். பெல் லேப்ஸில் பிறந்த எஸ் என்ற மூத்த மொழிக்கும் சொந்தம். இனிஷியலையே பெயராக வைத்துக்கொண்ட மொழி எனக்கு அந்நியமாகப் படவில்லை. இங்கே என் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிறார்கள். திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

இன்னொன்றும் பிடித்தது. பைத்தான் என்ற இன்னொரு கணினி மொழி பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஆர் ஒன்றிலிருந்து. 1:272 என்று தட்டினால் பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகள் மாதிரி வரிசையாக எண்கள் இறங்கும். தாத்தா அந்த ஒன்றைக்கூட ஒன்று என்று சொல்லமாட்டார். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது, "லாபம்... ரெண்டு... மூணு..." நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் குவியலிலேயே ஊன்றிக்கொண்டு "மூணு, மூணு, மூணு" என்று முணுமுணுப்பார், எண் நழுவிவிடக்கூடாதே என்று. இதை நினைத்துக்கொண்டிருந்ததில் சதுர அடைப்புக்குறியைப் பற்றி சார் சொன்னது அத்தனையும் போச்சு.

ஜாங்கிரிக்கு வருகிறேன். சொந்தமாக ஏதாவது எண்களைக் கொண்டுவரச் சொன்னார் சார். தினமும் இங்கே எட்டரை, ஊரில் ஆறு மணிக்கு அம்மா விரலைக் குத்தி, வெறும் வயிற்றுச் சர்க்கரையை போனில் சொல்வாள். அதைக் கொண்டுபோனேன். ஏழு நாள்: 142, 138, அடுத்து ஒன்றுமில்லை, 151, 147, மறுபடி ஒன்றுமில்லை, 160.

"சார், ரெண்டு நாள் காலியா இருக்கே?"

"கோசோங்கா விட்ருங்கலா."

வந்த முதல் வாரம் சிம் வாங்கியபோது கடைக்காரப் பெண் என் எண்ணை வாசித்தாள்: "கோசோங், சத்து, டுவா..." கோசோங் என்றால் பூஜ்யம் என்று அன்றே மனதில் பதிந்துவிட்டது. மாமாக் கடையில், அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், தே கோசோங் என்றால் டீயில் சர்க்கரை பூஜ்யம். அதையெல்லாம் நம்பி இரண்டு இடத்திலும் 0 போட்டேன். சராசரி 105.4286 என்று வந்தது. படிக்கட்டில் இறங்கும்போதே போன் போட்டேன். "அம்மா, உன் சர்க்கரை நூத்தஞ்சுதான்!" அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு நிச்சயதார்த்த ஜாங்கிரி.

கோசோங் என்றால் காலி என்றும் அர்த்தம். மலாய்க்காரர்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை இல்லாமல் வாழ்கிறார்கள். ஆர் அப்படி விடாது. பூஜ்யம் ஒரு எண். தெரியாத இடத்துக்கு என்.ஏ. அரிசி தீர்ந்தாலும் "இல்லை" என்று வாயால் சொல்லக்கூடாது, "வாங்கணும்" என்றுதான் சொல்லணும் என்று வளர்ந்தவளுக்கு இது புரியாமல் போனதே வெட்கம். அடுத்த சனிக்கிழமை 0 இருந்த இரண்டு இடத்திலும் என்.ஏ. போட்டேன். சராசரி கேட்டால் அதுவும் என்.ஏ.! ஒன்று தெரியாவிட்டால் மொத்தமும் தெரியாது என்று முரண்டு பிடிக்கிறது. என்.ஏ.வும் என்.ஏ.வும் சமமா என்று கேட்டாலும் என்.ஏ. என்றே பதில். கொஞ்ச நேரம் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். காலியிடங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போடு என்று சொல்ல ஒரு கட்டளை உண்டு. அதைக் கொடுத்ததும் 147.6.

நாற்பத்திரண்டு கூடுதல். சொன்னதும் அம்மா பதறவில்லை. அதுதான் உறுத்தியது.

"ரெண்டு நாள் ஏன் குத்திப் பாக்கல?"

"விரல் வலிச்சுது."

"ரெண்டு நாளுமா?"

கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெதுவாக வந்தது: ஒன்று வளைகாப்புக்குப் போய்வந்த மறுநாள். இன்னொன்று தாத்தா திதிக்கு மறுநாள், பாயசம்.

சாரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தற்செயலாக விட்டுப்போன எண்ணை ஒதுக்கலாம். ஏறியிருக்கும் என்று தெரிந்தே விட்ட நாளை ஒதுக்கினால் சராசரி இறங்கித்தான் தெரியும், 147.6-உம் பொய்தான் என்றார். அதை எந்தக் கட்டளையும் கண்டுபிடிக்காதாம். ஆளைத் தெரிந்திருக்க வேண்டுமாம்.

இந்த ஊருக்குப் பழகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்கை யோசிக்காமல் கேட்கிறேன், எல்ஆர்டி ரயிலில் நின்றபடி தூங்குகிறேன். ஆனால் திதிப் பாயசம் என்று காதில் விழுந்ததும், வெண்கலப் பானையில் அடிப்பிடித்த வெல்ல வாசனை, அதைச் சுரண்ட நானும் தம்பியும் போட்ட சண்டை... மதியம்வரை ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை.

இப்போது அம்மாவும் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நேற்று எட்டரைக்குக் கூப்பிட்டால், "இன்னிக்குக் கோசோங்டி" என்றாள் உற்சாகமாக.

"என்ன பலகாரம்?"

"அதிரசம். பாதிதான்."