இருநூறு கிராம் எடைக்கல்

முதலில் அதைப் பக்தி என்றுதான் நினைத்தோம். 2023 கந்த சஷ்டிக்கு என் அக்கா மகள் ஆறு நாளும் விரதம் இருந்தாள். ஒரு வேளை பாலும் பழமும் மட்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளை, பரீட்சைக்காக வேண்டியிருக்கிறாள் என்று ஆச்சிக்கு ஒரே பெருமை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூர் போய் வந்து எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தபோது, பிள்ளை இரண்டு வாய் எடுத்துவிட்டு, "வயிறு சுருங்கிப்போச்சு ஆச்சி" என்றாள். சிரித்தோம்.

பிறகு கார்த்திகைச் சோமவாரம், வைகுண்ட ஏகாதசி, தை வெள்ளி. நம் காலண்டரில் விரதத்துக்கா பஞ்சம்? விரதம் இல்லாத நாளில் வயிறு உப்புசம். இதற்கு நடுவே யூடியூப் பார்த்து அதிரசம் சுட்டாள், கேக் செய்தாள், தெருவுக்கே கொடுத்தாள். அவள் மட்டும் தொடவில்லை.

நான் பாளையங்கோட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். அத்தான் மஸ்கட்டில். அக்கா பள்ளிக்கூட டீச்சர். எங்கள் வீடு அடுத்த தெரு என்பதால் பிள்ளை பாதி நேரம் கடையில்தான் வளர்ந்தாள். கிராம் கணக்கில் வியாபாரம் செய்கிற எனக்கு, கண்ணெதிரே ஒரு பிள்ளை கரைவது ஏழு மாதம் தெரியவில்லை. இதை இப்போதும் என்னால் லேசாகச் சொல்ல முடியவில்லை.

பரீட்சை முடிந்ததும் டாக்டர்களிடம் அலைய ஆரம்பித்தோம். கேஸ் மாத்திரை, ஸ்கேன், தைராய்டு, காசநோய்க்கு ஊசி, கடைசியாக எண்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். நார்மல் என்று கேட்டு எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். மாதவிலக்கு நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. பரீட்சை டென்ஷன் என்று அக்கா நினைத்திருந்தாள். ஒரு டாக்டர், "வயசுப் பிள்ளைங்க எல்லாம் டயட்டுதான், கல்யாணம் ஆனா சரியாயிரும்" என்றார். ஆச்சி தர்காவுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். இத்தனைக்கும் "குண்டாயிருவேன்" என்று பிள்ளை ஒரு நாளும் சொன்னதில்லை. வயிறு, வயிறு, வயிறு. நம் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் இப்படி வயிற்றைத்தான் சொல்வார்கள், அதனாலேயே நோய் பிடிபடத் தாமதமாகிறது என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

கண்டுபிடித்தது உள்ளூரிலேயே ஒரு குழந்தை மருத்துவர். 2024 ஜூன். நாங்கள் கொண்டுபோன ஃபைலை அந்த அம்மா திறக்கவே இல்லை. பிள்ளையின் கையை எடுத்துப் பார்த்தார். நகம் நீலம், கை பனிக்கட்டி, முழங்கைக்குக் கீழே பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம். படுக்கவைத்து நாடி பார்த்தார், 44. நிற்கவைத்துப் பார்த்தார், 90க்கு மேல். எங்களை வெளியே அனுப்பிவிட்டு இருபது நிமிடம் அவளோடு தனியாகப் பேசினார். கதவு திறந்தபோது பிள்ளை அழுதுகொண்டிருந்தாள். "அனோரெக்ஸியா நெர்வோசா. இவளுக்குப் பசி இருக்கு. நோய் சாப்பிட விடாது. இன்னைக்கே மதுரை போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க" என்றார். மனநோய்களிலேயே அதிகமாக உயிரை வாங்குகிறவற்றில் இது ஒன்று என்பதை என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

அத்தானுக்கு போன் போட்டால், "சாப்பிடாததுக்கு ஆஸ்பத்திரியாடா? ரெண்டு போட்டா சாப்பிடுவா" என்றார். பத்து நாள் கழித்து லீவில் வந்தவர், படுக்கையில் கிடந்த மகளைப் பார்த்துவிட்டு வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

மதுரையில் 19 நாள். முதல் நாளே நான் ஆச்சி கட்டிக்கொடுத்த நாலடுக்குத் தூக்கோடு போய் நின்றேன். நர்ஸ் வாங்கவில்லை. ரொம்ப நாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சட்டென்று இறங்கும், இதயம் தடம் புரளும் என்று விளக்கினார்கள். அதனால் முதலில் கொஞ்சம், பிறகு ஒவ்வொரு நாளும் ஏற்றம். தினமும் ரத்தம் எடுத்தார்கள். ராத்திரி நாடி இன்னும் இறங்குவதால் மானிட்டர் அடிக்கடி கத்தும். நானும் அக்காவும் மாறி மாறி விழித்திருந்தோம்.

அங்கேதான் குழந்தைகள் மனநல டாக்டரைப் பார்த்தோம். இளவயதுக்காரர், நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "மருந்து என்ன டாக்டர்?" என்றேன். "சாப்பாடு" என்றார். "அதைத்தானே தொட மாட்டேங்கிறா?" "அதுக்குத்தான் நீங்க இருக்கீங்க." லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான முறையாம். பெற்றோரை ஒதுக்கி நிறுத்தாமல் அவர்கள் கையிலேயே சிகிச்சையைக் கொடுப்பது. முதல் கட்டத்தில் என்ன சாப்பிடுவது, எவ்வளவு, எப்போது எல்லாம் வீட்டார் முடிவு. உடம்பு தேறியதும் கொஞ்சம் கொஞ்சமாக அவளிடமே திருப்பிக் கொடுப்பது இரண்டாம் கட்டம். அந்த வயதுக்குரிய மற்ற விஷயங்கள் மூன்றாவது. "யார் தப்புன்னு இப்போ தேட வேண்டாம், அதுல ஒரு வேளைச் சோறு இறங்காது" என்றார். அக்கா அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அதிரசத்தைப் பற்றிக் கேட்டேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1944–45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் நல்ல ஆரோக்கியமான 36 ஆண்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்த கதையைச் சொன்னார். அவர்களில் சிலர் சமையல் புத்தகம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்களாம். ஒரே தட்டை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்களாம். மனம் இறுகி, சிடுசிடுப்பாகி, பட்டினி முடிந்த பிறகும் பல மாதம் அது விடவில்லையாம். "உங்க பிள்ளையோட குணம் மாறலை, பட்டினி பேசுது" என்றார். வயிற்று உப்புசமும் பொய் இல்லையாம். சாப்பிடாத வயிறு மெதுவாகத்தான் காலியாகும். அதற்கும் மருந்து சாப்பாடே.

ஜூலையில் வீட்டுக்கு வந்தோம். ஏழரைக்குக் காலை உணவு, பத்தரை, ஒன்று, நாலு, ஏழு, தூங்கப்போகும் முன் பால். ஆறு தடவை. காலை வேளை என் பொறுப்பு. கடையைப் பையனைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்வேன்.

முதல் நாள் மூன்று இட்லி, சாம்பார், ஒரு தம்ளர் பால். முதல் இட்லியைச் சுண்டைக்காய் அளவாகப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். சாம்பாரில் மிதந்த எண்ணெயை இட்லியால் ஒதுக்கித் தள்ளினாள். நான் வியாபாரி இல்லையா, வாய் சும்மா இருக்கவில்லை. "சரி, ரெண்டு இட்லி போதும், பாலைக் குடிச்சிரு." ரெண்டு ஒன்றரை ஆனது. பால் அரைத் தம்ளர் ஆனது. ஒரு மணி நேரம் நாற்பது நிமிடம் கழித்துப் பார்த்தால், தட்டில் போட்டதில் பாதிக்கும் கீழே உள்ளே போயிருந்தது. நான் ஏதோ ஜெயித்த மாதிரி எழுந்துபோனேன்.

டாக்டரிடம் சொன்னதும், "நீங்க ஒரு தடவை விலையைக் குறைச்சா அடுத்த வேளை அந்தக் குறைஞ்ச விலையில இருந்துதான் பேரம் தொடங்கும்" என்றார். என் தொழில் பாஷையிலேயே சொல்லிவிட்டார். தட்டில் வைத்தது வைத்ததுதான். கத்தக் கூடாது, கெஞ்சக் கூடாது, உடம்புக்கு நல்லது என்று பாடம் எடுக்கக் கூடாது. "இது உனக்கு மருந்து பாப்பா. நான் எங்கயும் போகலை." இவ்வளவுதான் வசனம். முடிகிற வரை வேறு எதுவும் கிடையாது, போன் உட்பட. நானும் அவளுக்கு வைத்ததையே சாப்பிட்டேன். நடுவில் கடைக் கதைகள். உளுந்து விலை, தெருச் சண்டை, எதையாவது பேசிக்கொண்டிருப்பேன். முகத்தையும் தட்டையும் உற்றுப் பார்க்காமல் பார்க்கப் பழகினேன்.

எளிதாக இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டு பறந்திருக்கிறது. "நீ யாரு? எங்கப்பாவா?" என்று கேட்டிருக்கிறாள். சாம்பார் வழிகிற சுவரைத் துடைத்துவிட்டு, அதே அளவு திரும்ப வைத்துவிட்டு, திரும்பவும் உட்கார வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, செத்துப்போகிறேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க, நான் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸுக்கு, 14416, போன் போட்டேன். தமிழிலேயே பேசினார்கள். எங்களையே ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, அறையிலிருந்து எதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும், யார் கூடவே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். விடிந்ததும் மதுரை.

ஆச்சி நோய்க்கு ஒரு பெயர் வைத்தாள்: சூரன். "ஆனை முகத்தோட வருவான், சிங்க முகத்தோட வருவான், கடைசியில மாமரமா நிப்பான். விரதம்னு வந்தான், வயித்து வலின்னு வந்தான்." நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பாருங்கள் என்று டாக்டர் மூன்று வாரமாக எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்ததை, ஆச்சி அம்மியடியில் உட்கார்ந்து முடித்துவிட்டாள்.

ஒவ்வொரு வியாழனும் அந்தக் குழந்தை மருத்துவரிடம் எடை பார்ப்போம். எண் அவளுக்குத் தெரியாமல், முதுகைக் காட்டி நிற்க வேண்டும். செப்டம்பரில் எடை ஏறிக்கொண்டே போனது, முகம் மட்டும் ஏறவில்லை. அதே சமயம் என் கடையில் எடைக்கற்களுக்கு முத்திரை போட எடுத்து வைத்தபோது இருநூறு கிராம் கல்லைக் காணோம். பையனைத்தான் திட்டினேன். ராத்திரி கடை சாத்தும்போது சட்டென்று உறைத்தது. அடுத்த வியாழன் கிளினிக் வாசலில், யாருக்கும் கேட்காமல், "பாப்பா, மாமாவோட கல்லு ஒண்ணு காணோம்" என்றேன். ஒன்றும் பேசாமல் பாவாடை நாடாவில் முடிந்திருந்ததை அவிழ்த்து என் கையில் வைத்தாள். கல் சூடாக இருந்தது. அவள் கை எப்போதும் ஜில்லென்று இருந்த காலம் அது. திட்டவில்லை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரி கவுனில்தான் எடை.

அந்த எடைகளில் ஒன்றைக்கூட இங்கே எழுதவில்லை. இந்த நோயில் இருக்கும் இன்னொரு பிள்ளை படித்தால், அந்த எண்ணைப் போட்டியாக எடுத்துக்கொள்ளும். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது அவளே போட்ட ஒரே நிபந்தனையும் அதுதான்.

இன்சூரன்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். மனநோய்க்கு எங்கள் பாலிசியில் இடமில்லை என்று கம்பெனி முதலில் கையை விரித்தது. உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் 21ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு குறைதீர் பிரிவுக்கு அக்கா கடிதம் எழுதினாள். இரண்டு மாதம் இழுத்து, பெரும்பகுதி வந்தது.

அக்டோபரிலிருந்து அரை நாள் பள்ளிக்கூடம். அக்காவும் அதே பள்ளி என்பதால் மதியச் சாப்பாடு ஸ்டாஃப் ரூமில் இரண்டு பேரும் சேர்ந்து. தீபாவளி அன்று பலகாரம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, "இப்பத்தான் நல்லா பூசினாப்புல இருக்கா" என்று வாய் நிறையச் சொன்னார். நம் ஊரில் இதைவிட அன்பாக ஒன்றைச் சொல்லிவிட முடியாது. மூன்று நாள் போனது எங்களுக்கு. அதற்கப்புறம் வருகிறவர்களையெல்லாம் ஆச்சி வாசலிலேயே மடக்கி, "பிள்ளை உடம்பைப் பத்தி ஒரு வார்த்தை பேசப்படாது" என்று சொல்லித்தான் உள்ளே விடுவாள். சிலருக்கு வருத்தம்தான். இருக்கட்டும்.

அந்த மூன்று நாளுக்குள்ளேயே கந்த சஷ்டி தொடங்கிவிட்டது. நாற்பது வருஷத்துக்கு மேல் விடாமல் விரதம் இருந்தவள் ஆச்சி. அன்று காலை குளித்து, திருநீறு பூசி, பிள்ளைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் மூணு தோசை வையி" என்றாள் அக்காவிடம். பிள்ளை தோசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முருகன் கிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தின்னுட்டி." இரண்டு பேரும் சாப்பிட ஒரு மணி நேரம் ஆனது. ஆறு நாளும் அப்படியே நடந்தது.

ஜனவரியில் ஒரு சறுக்கல், காய்ச்சலைச் சாக்கிட்டு. மூன்று வாரத்தில் மீட்டோம். 2025 ஏப்ரலில் மாதவிலக்கு திரும்பியது. உடம்பு முந்திக்கொள்ளும், மனம் பல மாதம் பின்னால் நடந்து வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் இலையை மூடவில்லை. இப்போது அவளே பரிமாறிக்கொள்கிறாள். பார்த்துக்கொண்டு ஒருவர் கூட இருக்கிறோம். தேங்காய்ச் சட்னி இன்னும் சண்டைதான். விரதம் கிடையாது, அதில் மாற்றமில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் பள்ளி விட்டு நேராகக் கடைக்கு வந்தாள். நான் ஒருவருக்குத் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் கடலைமிட்டாய் ஜாடியின் மூடி திறக்கும் சத்தம். திருப்பு மூடி அது, திறக்கும்போது கிறீச்சென்னும். பிறகு காகிதம் பிரியும் சத்தம், கடிக்கிற சத்தம். திரும்பிவிடக் கூடாது என்று பருப்பையே பார்த்துக்கொண்டு அள்ளிப் போட்டபடி இருந்தேன்.

"அண்ணாச்சி, அரைக்கிலோதான் கேட்டேன், முக்காலுக்கு மேல போட்டுட்டியளே" என்றார் வந்தவர்.