பத்மினிக்கு மர ஸ்டியரிங்

அப்பாவின் பிரீமியர் பத்மினி காருக்கு மர ஸ்டியரிங் மாட்டியாயிற்று. வீல் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலேயே கிடைத்தது. ஸ்டியரிங் தண்டின் பற்களுக்குப் பொருந்தும் பாஸ்தான் (வீலைத் தண்டோடு இணைக்கும் நடுத்துண்டு) எங்கும் இல்லை. அம்பத்தூரில் ஒரு பட்டறையில் பழையதை மாதிரி காட்டி, கடைந்து பல் வெட்டி வாங்கினேன். அற்புதமான வேலை!

வாங்குவதற்கு முன் போல்ட் வட்டத்தை, அதாவது வீலின் நடுவில் போல்ட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தை, அளந்துவிடுங்கள். மோமோ கம்பெனி வீலுக்கு 70 மி.மீ., நார்டி கம்பெனி வீலுக்கு 74. பழைய வீலைக் கழற்றும்போது நடு நட்டை முழுதாக எடுக்காமல் சில புரி விட்டுவைத்து இழுங்கள், இல்லையென்றால் வீல் முகத்தில் அடிக்கும். புது வீல் கோணலாக உட்காராமலிருக்க, தண்டில் நேர்க்குறியும் போட்டுவிடுங்கள்.

ரொம்பச் சின்ன வீல் வேண்டாம். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, தி. நகர் நெரிசலில் தோள் கழன்றுவிடும். அப்புறம் பாஸ் உயரம்: கியர் கம்பு ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால், வீல் முன்னால் தள்ளி வந்தால் விரல் எட்டாது.