தன்னிடம் இருந்ததையே தானமாகப் பெற்ற கதை

20 வருடமாக நம் வீட்டில் இருக்கும் பொருளையே ஒருநாள் நமக்குத் தானமாகத் தந்தால் எப்படி இருக்கும்? லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்துக்கு 2015-ல் அதுதான் நடந்தது.

ஆர்மீனிய ஓவியர் தோரோஸ் ரோஸ்லின் 1256-ல் உருவாக்கிய ஜெய்துன் நற்செய்தி நூல் (இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிளின் நான்கு பகுதிகள் அடங்கிய கையெழுத்துப் பிரதி). 1915-ல் ஒட்டோமான் பேரரசில் நடந்த ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பின் கைமாறிக் கைமாறி, முன்பக்கத்து 8 ஏடுகள் தனியே போய்விட்டன. 1994-ல் கெட்டி அவற்றை வாங்கியது. 2010-ல் ஆர்மீனியத் திருச்சபை வழக்குப் போட்டது. கடைசியில் சமரசம்: உரிமை திருச்சபைக்குத்தான் என்று கெட்டி ஒப்புக்கொள்ள, திருச்சபை அவற்றை அங்கேயே கொடையாக விட்டுவிட்டது.

அந்த 8 ஏடுகளில் தங்கம் இழைத்த வளைவுகள், பறவைகள், செடிகொடிகள்... இத்தனையும் எதற்கு? நான்கு நற்செய்திகளில் எந்தப் பகுதி எதோடு ஒத்துப்போகிறது என்று காட்டும் வெறும் எண் அட்டவணைக்கு!

மீதி நூல் ஆர்மீனியத் தலைநகர் யெரெவானில், மதெனதரான் நூலகத்தில் இருக்கிறது.