கரை சேரும் இடம்

காஞ்சிப் பட்டு என்றாலே எல்லோரும் ஜரிகையைத்தான் பார்க்கிறார்கள். எனக்கென்னவோ சேலையின் உடலும் கரையும் சேருகிற இடத்தில்தான் கண் போகும். இவற்றைக் கோத்து நெய்கிற கோர்வை நெசவில் மூன்று நாடா (குறுக்கு இழையைக் கொண்டு ஓடும் கட்டை) ஓடும்: உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு. நெசவாளர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். ஊடை என்கிற குறுக்கு இழை ஓடும்போதெல்லாம் இரண்டு நிற இழைகளும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும். அதனால்தான் அரக்கு உடலும் பச்சைக் கரையும் கலங்காமல் நிற்கின்றன. முந்தானை வேறு நிறமென்றால் கேட்கவே வேண்டாம். நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் புதிதாக எடுத்துப் பழையதோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்ந்த இடத்தில் லேசாகத் தடித்த பட்டை தெரியும். அதைக் குறை என்று சொல்லி விலை குறைக்கப் பேசுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

அப்புறம் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை. பருத்தி, பெரிய கட்டம், அகலக் கரை. 2019இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. மயிலாடுதுறைப் பக்கத்துக் கூறைச் சேலையிலும் கட்டம் உண்டு. ஆனால் அதில் பட்டும் பருத்தியும் கலக்கும். சரி, இந்த வெயிலுக்கு என் ஓட்டு கண்டாங்கிக்கே. பட்டு பீரோவில் இருக்கட்டும்.