மானுக்கு வைத்த கேமரா, கேமராவுக்கு வைத்த காவல்

செப்டம்பர் 7, 2024, சனி

மான் கடந்தால் தானாகப் படமெடுக்கும் என்று நான் கேமரா கட்டிய மரத்தில் பட்டை தேய்ந்த தடம் மட்டும் இருக்கிறது. கேமராவைக் காணோம்.

இடம், மிச்சிகன் மாநிலத்து பால்ட்வின் ஊருக்குப் பக்கம், ஹியூரான்-மனிஸ்டீ தேசியக் காடு. ஓக் மரமேடு இறங்கி சீடர் மரச் சதுப்பைத் தொடும் முனை. கிராண்ட் ராப்பிட்ஸிலிருந்து எம்-37 சாலையில் ஒன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி வந்ததற்கு இதுதான் பலன். ஆகஸ்ட் முதல் வாரம் கட்டியது. 120 டாலர் போனதைக்கூட மறந்துவிடலாம். எந்த மான் எந்த வேளையில் வருகிறது என்ற ஐந்து வாரக் கணக்கும் மெமரி கார்டோடு போய்விட்டது. அந்தக் கணக்கு இப்போது இன்னொரு வேட்டைக்காரன் கையில்.

வாரை அறுக்கவில்லை. கொக்கியை நிதானமாகக் கழற்றி, வாரையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான். வண்டித்தடத்திலிருந்து இருபது எட்டில், நெஞ்சுயரத்தில், பூட்டில்லாமல் கட்டியவன் நான்தானே.

செப்டம்பர் 8, ஞாயிறு

காவல் அலுவலகத்துக்கு போன் செய்தேன். சீரியல் எண் கேட்டார்கள். அது அட்டைப்பெட்டியில் இருந்தது. அட்டைப்பெட்டி ஆகஸ்டிலேயே குப்பைக்குப் போய்விட்டது.

இரவு அப்பாவிடம் சொன்னேன். "பூட்டுப் போட்டிருந்தியா?" என்றார்.

"இல்லப்பா."

"போட்டிருந்தா மட்டும்? நம்ம கெணத்து மோட்டார் ஒயர அறுத்துட்டுப் போனான்ல, அன்னிக்குப் பூட்டு அப்படியே தொங்குச்சு. பூட்டு தொங்குனா உள்ள என்னமோ இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரிடா."

அதன் பிறகு அப்பா ஒயரைக் குழாய்க்குள் விட்டு மண்ணுக்கடியில் புதைத்தார். அன்றிலிருந்து களவு போகவில்லை. ஆனால் எலி கடித்தது, அது வேறு கதை.

செப்டம்பர் 21, சனி

அலுவலகத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடமாக மான் வேட்டைக்குப் போகிறவர். என்னை இதில் இழுத்துவிட்டவரும் அவர்தான். களவு போன கேமராக்களை எண்ணுவதை எப்போதோ நிறுத்திவிட்டாராம்.

அவரோடு மதியச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பூட்டு வைத்த இரும்புக்கேபிள், போகிறபோக்கில் கை நீட்டுகிறவனைத் தடுக்கும். பெரிய கட்டிங் பிளேயரோடு வருகிறவனுக்கு அது ஒரு நிமிட வேலை. இரும்புப் பெட்டி இன்னும் உறுதி, ஆனால் அதைப் பெரிய திருகாணி போட்டு மரத்தில் முடுக்கினால்தான் முழுப் பலன். இங்கே பொது நிலத்தில் மரப்பட்டையைத் துளைத்து பரண் கட்டவோ ஏறுபடி அடிக்கவோ தடை இருக்கிறது. பெட்டிக்கு மட்டும் நான் ஏன் மரத்தைக் குத்த வேண்டும்? கேபிளாலேயே கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு.

"நீ எங்கே உட்கார்ந்து மானைப் பார்க்கிறாய்?" என்று கேட்டார் பெரியவர். பரண் மேலிருந்து என்றேன். "ஏன்?" மான் அவ்வளவாக மேலே பார்க்காது என்றேன். அவர் பதில் சொல்லாமல் சாண்ட்விச்சைக் கடித்தார். எனக்கு உறைக்க இரண்டு வாய் ஆனது.

அக்டோபர் 5, சனி

வில் வேட்டை முதல் தேதியே தொடங்கிவிட்டது. வாரால் கட்டும் ஏறுபடிகளைத் தூக்கிக்கொண்டு போய், வண்டித்தடத்திலிருந்து கால் மைல் உள்ளே, பத்தடி உயரத்தில் புதுக் கேமராவைக் கட்டினேன். பின்னால் ஒரு குச்சியைச் செருகினால் முகம் கீழ்நோக்கிச் சாயும். சாய்வு சரியாக அமைய மூன்று முறை ஏறி இறங்கினேன். முதல் படத்தில் என் தொப்பி மட்டும், இரண்டாவதில் வெறும் வானம். இறங்கும்போது படிகளையும் கழற்றிக்கொண்டேன். விட்டுவிட்டு வந்தால் திருடனுக்கு நானே ஏணி பிடித்த மாதிரி.

மேலே கட்டினால் மான் சிறிதாகத் தெரியும், கொம்புக் கிளைகளை எண்ணுவது சிரமம். பரவாயில்லை.

இது போனுக்குப் படம் அனுப்பும் வகை. சதுப்போரம் சிக்னல் தரையில் சுத்தமாக இல்லை, மேலே ஒரு கோடு காட்டியது. இனி கேமராவைத் தூக்கினாலும் தூக்கியவன் படம் முன்பே என்னிடம் வந்திருக்கும்.

வாங்கும்போது இன்னொன்றும் பார்த்தேன். இரவில் படமெடுக்கப் பழையதில் இருந்தது 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு. இருட்டில் நேராகப் பார்த்தால் மங்கலாகச் சிவப்பாய் மினுங்கும். வேட்டைக்காரர்கள் எல்லோரும் விடியுமுன் இருட்டில்தான் காட்டுக்குள் நடக்கிறோம். பீடிக்கங்கு போல ஒன்று மரத்தில் மின்னினால் யார் கண்ணுக்கும் தப்பாது. புதியது 940, கண்ணுக்கே தெரியாது. ஆனால் வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டாது, படமும் கொஞ்சம் பொரிபொரியாக இருக்கும்.

சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துவைத்தேன். கடவுச்சொல்லும் போட்டேன்.

எதிர் மரத்தில் நெஞ்சுயரத்தில், இரும்புப் பெட்டிக்குள், எப்போதோ செத்துப்போன என் பழைய கேமரா ஒன்று. தூண்டில்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலை 6:12க்கு ஒரு படம். தலைவிளக்குக் கட்டிய ஆள். பெட்டி முன் நிற்கிறான். அடுத்த படத்தில் பூட்டின் மேல் கை. அதற்கடுத்ததில் முதுகு. ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

முகம் தெரியவில்லை. அகச்சிவப்பில் பெரும்பாலான சட்டைகள் வெளுத்துத்தான் விழும், தலைவிளக்கு வேறு. என்றாலும் பெட்ரோல் பங்கில் காபி வாங்கும்போது வரிசையில் நின்றவர்களின் தொப்பியை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் ஒருவர் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெட்கமாகிவிட்டது.

பூட்டைத் தொட்டதனாலேயே திருடன் என்று சொல்ல முடியுமா? நானும் போன வருடம் யாரோ ஒருவரின் கேமரா முன் குனிந்து, என்ன மாடல் என்று பார்த்தவன்தான்.

அரிசோனாவில் 2022 ஜனவரியிலிருந்து வேட்டைக்கு இந்தக் கேமராவே கூடாதென்று நிறுத்திவிட்டார்கள். அங்கே நீர்நிலைகள் குறைவு, மிருகம் எங்கே வரும் என்று எல்லோருக்கும் தெரியும். வீட்டில் இதைச் சொன்னேன். "நல்ல ஊரு. அங்க போயிடலாமா?" என்றாள்.

நவம்பர் 15, வெள்ளி

துப்பாக்கி வேட்டை தொடக்கம். எந்தக் கிழமையில் வந்தாலும் இங்கே நவம்பர் 15தான். காடு முழுக்க ஆரஞ்சுச் சட்டைகள். காலையில் கேமரா ஒன்பது படம் அனுப்பியது, ஒன்பதும் மனிதர்கள். மான் இல்லை.

நவம்பர் 17, ஞாயிறு

ஒரு பிணைமான். கேமரா காட்டிய இடத்தில் இல்லை, வண்டிக்குத் திரும்பும் வழியில். 72 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் பதிய வேண்டும்; காட்டிலேயே முடித்தேன். மிளகு தூக்கலாகப் போட்டுச் சுக்காவுக்கு உத்தரவாகியிருக்கிறது.

டிசம்பர் 7, சனி

கழற்றப் போனேன். பனி முழங்கால் வரை. இரும்புப் பெட்டி அப்படியே இருந்தது, பூட்டுத் துவாரத்தில் பனிக்கட்டி, லைட்டர் காட்டித் திறந்தேன். புதுக் கேமராவைக் காணோம்.

வயிறு கலங்கிவிட்டது. நான்கு நாளாகப் படம் வராததற்குக் குளிரில் பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றினேன். பனி அப்பிய ஓக் மரங்கள் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. நாற்பது நிமிடம் கழித்து, மூன்று தடவை கடந்துபோன மரத்தில், பனிக்குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏறுபடிகள் வண்டியில்.