மாற்றுத்திறனாளிகள் பற்றிய ஆய்வுக்கு இறங்கும் முன்

‘மாற்றுத்திறனாளிகளும் சமூக உள்ளடக்கமும்’ என்ற தலைப்போடு போனபோது என் நெறியாளர் கேட்டது ஒன்றுதான்: “எதில் உள்ளடக்கம்?” வேலையா, போக்குவரத்தா, நட்பா? கடைசியில் விடுதி, கேன்டீன், மாணவர் மன்றம் என்று வகுப்பறைக்கு வெளியே நடக்கும் கல்லூரி வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். வருகைப் பதிவேட்டில் பெயர் இருப்பவர் மாலையில் யாரோடு டீ குடிக்கிறார் என்பது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

கோட்பாட்டு அத்தியாயத்தில் சமூக மாதிரியை எல்லோரும் எழுதுவார்கள். தடை உடலில் இல்லை, படிக்கட்டிலும் மனப்போக்கிலும் இருக்கிறது என்ற பார்வை அது. 1983இல் அதற்கு அந்தப் பெயரைத் தந்தவர் மாற்றுத்திறனாளியான பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர். அதோடு நிறுத்திவிடாதீர்கள். வலியையும் சோர்வையும் அந்த மாதிரி ஓரம் கட்டிவிட்டது என்று மாற்றுத்திறனாளி ஆய்வாளர்களே விமர்சித்திருக்கிறார்கள். வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், அதைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

கருத்தாய்வு நடத்துவதாக இருந்தால் “நீங்கள் மாற்றுத்திறனாளியா?” என்று நேராகக் கேட்காதீர்கள். காது மந்தமான பலர் ‘இல்லை’ என்றுதான் சொல்வார்கள். மாற்றுத்திறனாளிகள் பற்றிய புள்ளிவிவரங்களுக்காக ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகள் இதற்கு உதவும். பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவில் வைப்பது அல்லது கவனம் செலுத்துவது, தன்னைப் பராமரித்துக்கொள்வது, பிறரைப் புரிந்துகொள்வது அல்லது பிறருக்குப் புரியவைப்பது ஆகியவற்றில் சிரமம் உண்டா என்று கேட்பார்கள். பதிலில் நான்கு படிகள். ஏதாவது ஒன்றில் ‘மிகுந்த சிரமம்’ அல்லது ‘முடியவே முடியாது’ என்றவர் மாற்றுத்திறனாளி என்ற கணக்கில் வருவார். மனப்பதற்றமும் மனச்சோர்வும் இதில் நழுவிவிடும். அவை முக்கியமென்றால் அதே குழுவின் விரிவான கேள்வித் தொகுப்பு தனியாக இருக்கிறது.

அப்புறம் நேர்காணல். நேரமும் பணமும் கரைவது இங்கேதான். ஒப்புதல் படிவத்தை ஸ்கேன் செய்து படமாக அனுப்பினால் பார்வையற்றவர்களுக்குத் திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் மென்பொருள்களான திரைவாசிப்பான்கள் பல அதைப் படிக்காது. தட்டச்சு செய்த கோப்பாக அனுப்புங்கள். சைகைமொழிபெயர்ப்பாளருக்கான கட்டணத்தை முன்மொழிவிலேயே எழுதிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைப்பது கஷ்டம். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் பதில் சொல்பவரைப் பாருங்கள். கூட வந்த அம்மாவோ அண்ணனோ முந்திக்கொண்டு பதில் சொன்னால், அதையும் குறித்துக்கொண்டு, கேள்வியை மறுபடி உரியவரிடமே கேளுங்கள். அந்தக் குறிப்பே பிறகு நல்ல தரவாகும்.

கேள்விகளை உருவாக்கும்போதே மாற்றுத்திறனாளிகள் சிலரை உட்கார வையுங்கள். ‘எங்களைப் பற்றிய எதுவும் நாங்கள் இல்லாமல் வேண்டாம்’ என்ற அவர்களுடைய முழக்கம் ஆய்வுக்கும் பொருந்தும். என் வரைவில் இருந்த ‘யார் உதவுகிறார்கள்?’ என்பதை ‘யாருடைய உதவியை வேண்டாம் என்பீர்கள்?’ என்று ஒருவர் மாற்றச் சொன்னார். ஆய்வின் சிறந்த பதில்கள் அதற்குத்தான் வந்தன.

பெயரை மாற்றிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஒரு துறையில் சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவரே என்றால், துறையின் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். துறை, ஆண்டு, குறைபாட்டின் வகை ஆகிய மூன்றையும் ஒரே மேற்கோளுக்கு அடியில் சேர்த்துப் போடாதீர்கள்.